ஏறியவர் இறங்கவில்லை

வெங்காயம் சிவந்துகொண்டிருந்த நேரத்தில் படகின் பின்பக்கம் மெல்ல அமுங்கியது.

யாரோ ஏறியிருக்கிறார்கள். தெல்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருபது வருடமாக இந்தப் ‘பிம்பர்னல்’ படகிலேயே குடியிருப்பவளுக்கு அந்த அமுக்கம்தான் வாசல் மணி. இரும்புப் படகுதான், நீளத்துக்கும் குறைவில்லை. ஆனால் அகலவாட்டில் ஓர் ஆள் படுத்தால் தலை ஒரு சுவரையும் கால் மறு சுவரையும் தொட்டுவிடும். இந்தக் கால்வாய்களுக்கு அதற்கு மேல் அகலம் ஆகாது. பூனை குதித்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தெரியும்.

“உள்ள வாங்க, தொறந்துதான் கெடக்கு,” என்று கரண்டியை ஆட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

யாரும் வரவில்லை. அடுப்பில் கரி ஒன்று சரிந்து உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகுதான் அவளுக்கு உறைத்தது, யாரும் தட்டவே இல்லை. அடுத்தவர் படகில் கால் வைக்குமுன் கூரையைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். கால்வாயில் குடிகாரன்கூட இந்த ஒரு மரியாதையை மறக்க மாட்டான். எந்தத் தடியன் இவன் என்று முணுமுணுத்தபடி வாணலியைப் பார்த்தாள். எண்ணெய் முழுவதும் இடது ஓரமாக ஒதுங்கி நின்றது.

கதவைத் திறந்து தலையை நீட்டினாள். மணி நாலரைதான், டிசம்பரில் அதுவே கும்மிருட்டு. மூடுபனி தண்ணீர்மேல் படுத்திருந்தது. ஹேதர்டன் பாலத்துக்குக் கீழே அவளுடையதைத் தவிர வேறு படகு இல்லை. பின்தட்டுப் பலகையில் உறைபனி சர்க்கரை தூவியதுபோல் படிந்திருந்தது. அதில் ஒரு தடமும் இல்லை.

ஏறினால் படகு அமுங்கும், இறங்கினால் நிமிரும். படகு அமுங்கியது. நிமிரவில்லை.

அன்று இரவு சாப்பிடும்போது சூப் கிண்ணத்தில் சாய்ந்தே நின்றது. அவள் கிண்ணத்துக்கு அடியில் ஒரு தீப்பெட்டியை முட்டுக் கொடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். தூக்கம் வருவதற்குள் விடிந்துவிட்டது.

காலையில் செய்ய வேண்டியதையெல்லாம் முறையாகச் செய்தாள். படகு சாய்ந்தால் முதலில் அடித்தளத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலகையைத் தூக்கிப் பார்த்தாள், காய்ந்து கிடந்தது. எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகும் தண்டு படகுக்கு வெளியே நீளும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறதா பார்க்க வேண்டும். கிரீஸ் பூசிய மேனிக்கு இருந்தது. கால்வாயில் தண்ணீர் இறங்கி, கட்டிய கயிறு இழுத்துப் பிடித்திருந்தாலும் சாயும். கயிறு தளர்வாகத்தான் தொங்கியது. இதெல்லாம் கணவன் டெஸ்மண்ட் சொல்லிக் கொடுத்ததும் அவளே பட்டுத் தெரிந்துகொண்டதும். டெஸ்மண்ட் மே மாதம் போய்ச் சேர்ந்துவிட்டான். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கரையில், ஆடாத அசையாத ஓர் அறையில்.

அடக்கம் முடிந்த கையோடு அக்கா ரொவேனா பேச்சை ஆரம்பித்துவிட்டாள். படகை விற்றுவிடு, ஸ்டோக்கில் என்னோடு வந்து இரு, அறுபது வயதுக்கு மேல் எவள் ஒண்டியாகக் கரி அள்ளிப் போட்டுக்கொண்டு தண்ணீரில் கிடப்பாள் என்று. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்கிற ரகம் தெல்மா. இந்தக் குளிர்காலத்தை நான் தனியாகத் தாண்டிக் காட்டுகிறேன், முடியாவிட்டால் நீ சொன்னபடி விற்றுவிட்டு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள். கொடுத்த வாக்கு வீம்பில் கொடுத்தது. ஆனால் இந்தப் படகை விட்டால் டெஸ்மண்ட் இருந்ததற்கு வேறு அடையாளமே கிடையாது, அதுதான் உண்மை.

பத்து மணிக்குக் கரிப்படகு வந்தது. கரி, எரிவாயு உருளை, டீசல் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கால்வாய் நெடுக விற்றுக்கொண்டு போகிறவன் லிண்டன். நாற்பது வயது, வாய் மட்டும் பதினெட்டு. அவன் படகைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு ‘பிம்பர்னலை’ ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான்.

“என்னக்கா, வீட்ல விருந்தாளியா? படகு ஒருக்களிச்சுப் படுத்திருக்கே.”

“விருந்தாளியும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. நேத்து சாயங்காலத்துலேந்து இப்படித்தான் கெடக்கு. நேத்து நீ வந்து ஏறுனியா?”

“நான் நேத்து ரெண்டு மதகு தள்ளி நின்னேன். கீழ தண்ணி கிண்ணி ஏறிடுச்சா?”

“பாத்துட்டேன். சுண்டெலி குடிக்கக்கூடத் தண்ணி இல்ல.”

“கயிறு?”

“நான் என்ன நேத்து படகு வாங்குனவளா?”

“கோச்சுக்காதக்கா. கேக்குறது என் தொழிலு.” கழியை எடுத்துப் படகின் ஓரமாகத் தண்ணீரில் விட்டுப் பார்த்தான். படகு அடியில் கல் எதன்மேலும் ஏறி உட்காரவில்லை, ஆழம் சரியாகவே இருந்தது. கழுத்தைச் சொறிந்தான். “ரெண்டு மூட்டை கரிய வலப்பக்கம் வச்சுக்க, சரியாப் போயிரும். படகும் புருசனும் ஒண்ணுதான்க்கா. எந்தப் பக்கம் சாயுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் பாரத்தைப் போடணும்.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். தெல்மா சிரித்துவைத்தாள். அவள் கேட்டதற்கு மேலேயே ஒரு மூட்டை சேர்த்துக் கொடுத்தான்.

“இனிமே நான் வர்றது ஜனவரிலதான். நாளைலேந்து கீழ் மதகுல கதவு மாத்துறாங்க, வழி அடைச்சுருவாங்க. பத்திரமா இரு அக்கா. காத்துத் துளைய அடைச்சுட்டுப் படுக்காத.”

“போடா, எனக்கே பாடமா?”

அவன் எஞ்சின் சத்தம் வளைவைத் தாண்டிப் போய்த் தேய்ந்து அடங்கும்வரை அவள் பின்தட்டில் நின்றுகொண்டிருந்தாள். பேச்சு என்பதே இனி மூன்று வாரத்துக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

கரைப்பக்கம் வலது புறம். அங்கே இரண்டு மூட்டைகளை இழுத்து வைத்தாள். படகு நிமிர்ந்தது. கிண்ணத்தில் தண்ணீர் விட்டு மேசைமேல் வைத்துப் பார்த்தாள், மட்டமாக நின்றது. அப்பாடா என்று டீ போட்டுக் குடித்தாள்.

மறுநாள் விடிந்தபோது படகு வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

முதலில் அவள் சிரித்தாள். இடப்பக்கம் இருந்த பாரம் போய்விட்டது, அதனால் மூட்டைகள் வலப்பக்கம் இழுக்கின்றன, அவ்வளவுதானே. மூட்டையைத் தூக்கக் குனிந்தவள் பாதியில் நிறுத்தினாள். இடப்பக்கம் இருந்த எந்தப் பாரம்? அங்கே இருப்பது ஒரே ஒரு சாமான், அடுப்புக்கு எதிரே டெஸ்மண்டின் நாற்காலி. அவளுடையது அதற்கு எதிர்த்தாற்போல வலப்பக்கம். இருபது வருடமும் அவர்கள் இருவரும் அப்படித்தான் உட்கார்ந்து படகை மட்டமாக வைத்திருந்தார்கள்.

மூட்டைகளை அப்படியே விட்டுவிட்டாள். பகல் முழுக்கச் சாய்வான தரையில் நடந்தாள். நாலு மணிக்கு வெளிச்சம் வடிந்தது. காலுக்குக் கீழே தரை அசைந்தது. பின்பக்கம் ஓர் அமுக்கம். பிறகு ஒரு கனம் உள்ளே இறங்கி, சமையல் மேடையைக் கடந்து, நடுவில் வந்து, இடப்பக்கம் அமர்ந்தது. மேசைமேல் கிண்ணத்தில் இருந்த தண்ணீர் மட்டமாகியது.

“டெஸ்?” என்றாள்.

தரை மட்டமாக இருந்தது. மே மாதத்திலிருந்து முதல்முறையாக அவளுக்கு எதிரே ஒருவர் எடை இருந்தது. பயந்தாளா என்றால் பயந்தாள். அதைவிடப் பெரிய ஓர் ஆறுதல் வந்து பயத்தின்மேல் உட்கார்ந்துகொண்டது. தனிமையில் கிடப்பவளுக்கு எது வந்தாலும் உறவுதான். அவள் இரண்டு கோப்பையில் டீ ஊற்றினாள்.

அதன் பிறகு சாயங்காலம் என்றாலே காத்திருப்பு. பகலில் சாய்ந்து கிடக்கும் படகு, இருட்டியதும் நிமிரும். நிமிர்ந்ததும் அவள் பேச ஆரம்பிப்பாள். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டேன், கைகள் விறைத்துவிட்டன. புகைக்குழாயைக் கூட்டினேன், ஒரு வாளி கரி வந்தது. கக்கூஸ் பெட்டியை மைல் கணக்காக இழுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தேன், நீ இருந்திருந்தால் உன் தலையில் கட்டியிருப்பேன். பாட்டரி இறங்கிவிட்டது, எஞ்சினை ஒரு மணி நேரம் ஓட்டினேன், எஞ்சின் நின்றதும் தண்டுக்குக் கிரீஸ் இறுக்கினேன், மறக்கவில்லை. எதிர் நாற்காலியிலிருந்து ஒரு சத்தமும் வராது. டெஸ்மண்டும் பேசாதவன்தான்.

நாற்காலி மெத்தை ஈரமாக இருந்தது. ஒரு காலையில் தொட்டுப் பார்த்தபோது கையில் தண்ணீர் ஒட்டியது. குளிர்காலத்தில் இரும்புப் படகு வியர்க்கத்தான் செய்யும். மூச்சும் சமையலும் ஆவியாகிச் சுவரில் வழியும், மெத்தைக்கு அடியில் தேங்கும், தூக்கி நிறுத்திக் காற்றாட விட வேண்டும். நிறுத்தி வைத்தாள். மறுநாளும் ஈரம். பிழிந்தால் வழிகிற ஈரம். வாடையும் இருந்தது, மதகு வேலைக்காகக் கால்வாயை வடிக்கும்போது அடியில் வெளிப்படுமே, நூறு வருடத்துக் கறுப்புச் சேறு, அதன் வாடை. டெஸ்மண்டுக்கு டீசலும் புகையிலையும்தான் மணம். கீழ் மதகை வடித்திருக்கிறார்கள், காற்றில் வருகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டு மூட்டை போதவில்லை. ஒரு சாயங்காலம் படகு மட்டத்தைத் தாண்டி இடப்பக்கம் போய்விட்டது. அவள் மூன்றாவது மூட்டையை இழுத்து வைத்தாள். பிறகு நான்காவது. “அங்க நல்லாத்தான் சோறு போடுறாங்க போல,” என்று கேலி செய்தாள். அவள் சிரிப்பு படகுக்குள்ளேயே சுற்றிவிட்டு அடங்கியது. கடைசி மாதங்களில் டெஸ்மண்டை அவளே ஒற்றை ஆளாகத் தூக்கி உட்காரவைத்திருக்கிறாள். அப்போது அவன் ஒரு மூட்டைக் கரிக்கு மேல் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அந்தக் கணக்கை மேலே போட அவளுக்கு மனம் வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ரொவேனா வந்தாள். பாலத்தில் காரை நிறுத்திவிட்டுக் கரைப்பாதையில் வழுக்கி வழுக்கி நடந்து வந்து, தட்டாமல் ஏற மாட்டேன் என்று குடையால் கூரையை இடித்தாள். பட்டப்பகல். ஆனால் அன்று படகு மட்டமாகவே இருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான். இரவு வந்த கனம் போகவில்லை.

“என்னடி இது நாத்தம்? சாக்கடையைத் திறந்து போட்டாப்ல.” ரொவேனா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள். “கரி மூட்டையை நடு வீட்ல அடுக்கி வச்சிருக்க. மூஞ்சியப் பாரு, எலும்பும் தோலுமா.”

“குளிரு அக்கா. டீ குடி.”

ரொவேனா டெஸ்மண்டின் நாற்காலியில் உட்காரப் போனாள்.

“அங்க உக்காராத!”

ரொவேனா அப்படியே நின்றாள். நாற்காலியைப் பார்த்தாள். தங்கையைப் பார்த்தாள். அடுப்போரம் இருந்த இரண்டு கோப்பைகளையும் பார்த்துவிட்டாள்.

“ஏன்? யாரு இருக்கா?”

தெல்மா இரண்டாவது கோப்பையை எடுத்துத் தன் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“தெல்மா. நீயும் நானுந்தானே பக்கத்துல நின்னு அவனை மண்ணுல எறக்குனோம். நெனப்பிருக்கா?”

“நெனப்பில்லாமலா.”

“இங்க பாருடி, உன்னப் படகை விக்கச் சொல்லல. அந்தப் பேச்சையே நான் விட்டுட்டேன். இன்னிக்கு ராத்திரி பனி கொட்டப் போவுதாம், பாதை அடைஞ்சிரும். ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் வந்து என்கூட இரு. கார் நிக்குது. உன்னக் கும்புட்டுக் கேக்குறேன்.”

அக்கா குரலில் அதட்டல் போய் அழுகை வந்திருந்தது. தெல்மாவுக்கும் மனசு ஆடியது. கம்பளிப்பையை எடுத்து இரண்டு உடுப்பைத் திணித்தால் வேலை முடிந்தது. ஸ்டோக் வீட்டில் சுடுதண்ணீர் குழாயில் வரும், தொலைக்காட்சி ஓடும், அக்கா மூச்சு விடாமல் பேசுவாள். ஆனால் அங்கே தரை அசையாது. சாயங்காலம் நாலு மணிக்கு அங்கே யாரும் வர மாட்டார்கள்.

“நீ போ அக்கா. நான் தனியா இல்ல.”

ரொவேனா கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். கனமான பெண்பிள்ளை. பின்தட்டில் ஏறி, கரைக்குக் கால் வைத்து இறங்கினாள். அவள் இறங்கினால் படகு ஒரு குதி குதித்து நிமிர வேண்டும். தெல்மா உள்ளே நின்று அதற்காகக் காத்திருந்தாள்.

படகு அசையவில்லை.

அன்றிரவு பனி கொட்டியது. அடுத்த இரவு கால்வாய் உறைந்தது. ஓரங்களில் முதலில் கண்ணாடித் தகடு மாதிரி, பிறகு நடுவில், பிறகு வாத்துகள் தத்தித் தத்தி நடக்கும் அளவுக்குக் கெட்டியாக. படகை நான்கு பக்கமும் பனிக்கட்டி கவ்விக்கொண்டது. இனி யார் ஏறினாலும் அமுங்காது, இறங்கினாலும் நிமிராது. இதற்குள் அவள் இழுத்து வைத்திருந்த ஐந்தாவது மூட்டையும் ஆறாவது மூட்டையும் வலப்பக்கம் கிடக்க, படகு கல்லில் பதித்ததுபோல் நின்றது.

தெல்மாவுக்கு அதுவே பெரிய தண்டனையாகிவிட்டது. சாயங்காலம் வந்தது, எதுவும் வரவில்லை. வந்ததா வரவில்லையா என்றே தெரியவில்லை. “இருக்கியா?” என்று கேட்டாள். “ஒரு சத்தமாவது குடு.” கரி வெடித்தது. பனிக்கட்டி எங்கோ தூரத்தில் முனகியது. கிண்ணத்துத் தண்ணீரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்து விடியற்காலையில் கழுத்துப் பிடிப்போடு எழுந்தாள். மே மாதத்தில் அழாத அழுகையெல்லாம் அந்த நாட்களில் அழுதாள். கைப்பேசி பாட்டரி இறங்கிப்போயிருந்தது. எஞ்சினை ஓட்டினால் ஏறும். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கழியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். உறைந்த கால்வாயில் படகைச் சும்மா விட வேண்டும். அது தானாக விடுகிறபோது விடட்டும். இது தெரியாதவள் இல்லை. கரைப்பக்கம் பாதையில் மண்டியிட்டு இடித்தாள். மறுபக்கத்தைக் கூரைமேல் ஏறிக் குத்தினாள். கட்டி கட்டியாக உடைந்து, படகின் இரும்பில் உரசி, பல்லைக் கடிப்பதுபோல் சத்தமிட்டது. மூச்சு வாங்கியது, விரல் உணர்வில்லாமல் போயிற்று. கடைசியாகப் பின்தட்டில் நின்று சுக்கான் ஓரத்தில் ஒரு குத்து. ஒரு பெரிய பாளம் நகர்ந்தது.

படகு விடுபட்டது.

இடப்பக்கமாக விழுந்தது. சாயவில்லை, விழுந்தது. கரைக் கயிறுகள் இரண்டும் விர்ரென்று இறுகின. உள்ளே கோப்பை, தட்டு, வாணலி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து நொறுங்கின. அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தொங்கினாள். நேற்று இன்று வந்த கனம் அல்ல. பனிக்கட்டி தாங்கிக்கொண்டிருந்த இத்தனை நாளும் உள்ளேயே இருந்து, ஏறி ஏறிச் சேர்ந்த கனம். ஆறு மூட்டைக் கரி அதற்கு ஓர் எதிர்ப்பாரமே இல்லை.

ஓடிப் போயிருக்கலாம். ஓர் எட்டு வைத்தால் கரை. ஆனால் உள்ளே களகளவென்று தண்ணீர் சத்தம் கேட்டது, படகுக்காரியின் புத்தி அங்கே போய்விட்டது. கழுவுதொட்டியின் வடிகால் துளை இடப்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. அது முங்கினால் கால்வாய் அந்த வழியாக உள்ளே ஏறும். ஏறினால் மூழ்கும். எத்தனையோ படகு அப்படிப் போயிருக்கிறது. டெஸ்மண்டின் படகு. அவள் படியிறங்கி உள்ளே பாய்ந்தாள். தொட்டியில் கறுப்புத் தண்ணீர் கொப்பளித்து ஏறிக்கொண்டிருந்தது. அடைப்பானைத் தேடி எடுத்து, முழங்கை வரை விட்டு, முழுப் பலத்தோடு அழுத்தினாள். தண்ணீர் நின்றது.

பின்னால் கதவு, சாய்வில் தானாக ஆடி, சாத்திக்கொண்டது.

சேற்று வாடை. தொண்டையில் ஒட்டுகிற வாடை. ஜன்னல்களில் சாம்பல் வெளிச்சம் மிச்சமிருந்தது. தன் நாற்காலியைப் பிடித்து ஏறி, அதில் விழுந்து, நிமிர்ந்து எதிரே பார்த்தாள்.

டெஸ்மண்டின் நாற்காலி மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. அதிலிருந்து தண்ணீர் தரைக்கு வழிந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் இடச்சுவரை ஒட்டிய நீளப் பெஞ்சு. அந்த மெத்தையும் அமுங்கியிருந்தது. ஓரிடத்தில் அல்ல. வரிசையாக. நெருக்கி உட்கார்ந்ததுபோல. ஒரு பள்ளம் பெரிது. ஒன்று சின்னது, குழந்தை அளவு. அதற்கப்பால் தரை விரிப்பில் ஈர வட்டங்கள். அதற்கப்பால் இருட்டு.

எழுந்திருக்கப் பார்த்தாள்.

அப்போது வெளியே பனியில் காலடி கேட்டது.

பாலத்திலிருந்து வந்தது. ஒரு கால் அழுத்தமாக, மறு கால் இழுத்து. டெஸ்மண்டின் இடது முழங்கால் மடங்காது. சரக், சர்ர். சரக், சர்ர். படகுக்கு நேரே வந்து நின்றது. ஏறவில்லை. கூரையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு, சற்று நிறுத்தி, இன்னும் ஒன்று. தன் சொந்தப் படகுக்கே தட்டிவிட்டு நிற்கிற ஒரே பைத்தியக்காரன் இந்த உலகத்தில் அவன்தான். இருபது வருடமும் அவளைச் சிரிக்கவைத்த வேடிக்கை அது.

“அம்மணி,” என்றது வெளியே அவன் குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் குளிர். “உள்ள வரலாமா?”

தெல்மாவின் கண்ணில் தண்ணீர் பொங்கியது. வா என்று சொல்ல வாயைத் திறந்தாள். வாய்க்குள் ஈரம். வாய்மேல் ஈரம். குளிர்ந்த, கனத்த ஏதோ ஒன்று, சேறு மணக்க, உதட்டின்மேல் பதிந்திருந்தது.

படகு ஆடியது. எதிர் நாற்காலி மெத்தை உப்பி எழுந்தது. ஒரு கனம் நடந்து போயிற்று. சமையல் மேடையைக் கடந்தது. படியில் நின்றது. உள் தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து விழுந்தது.

கதவருகே இருந்து ஒரு பெண் குரல் பேசியது. அசதியாக, மரியாதையாக. தெல்மாவின் குரல்.

“இல்லீங்க. வர வேண்டியவங்க எல்லாரும் உள்ள வந்தாச்சு.”

வெளியே பனியில் ஒரு கால் பின்வாங்கியது.

“மன்னிச்சுக்கங்க,” என்றான் டெஸ்மண்ட். “எங்க படகுன்னு நெனச்சுட்டேன்.”

சரக், சர்ர். சரக், சர்ர். காலடி கரைப்பாதையில் போயிற்று. வளைவு வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

ஜன்னலில் கடைசி வெளிச்சமும் போனது. பெஞ்சின் மெத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக உப்பி எழும் சத்தம் கேட்டது. சாய்ந்து கிடந்த படகு மெல்ல நிமிரத் தொடங்கியது. மட்டத்துக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பக்கமாகச் சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது.